காணாமலே கொண்ட நட்பு

ஒருவரை நேரில் காணாமலே அவரோடு நட்புக் கொள்ள இயலுமா? இவ்வினாவைக் கேட்டால், இயலாது என்றே பலரும் விடை கூறுவர். முகம் பாராமலும், கூடி உண்ணாமலும், தோளோடு தோள் உரசி நடவாமலும் நட்பு எங்ஙனம் வளரும் என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதுதான். ஆயினும், நட்புக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ் இலக்கியம் சுட்டும் இருவர், வாழ்நாளின் கடைசிவரை ஒருவரை ஒருவர் கண்டவர் அல்லர்.

இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூரில் இருந்து ஆண்டவன் கோப்பெருஞ்சோழன். பாண்டிய நாட்டில் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்தவர் ஆந்தையார் என்னும் புலவர். அவர் புகழை இவனும், இவன் புகழை அவரும் பிறர் வாயிலாகக் கேட்டதே அன்றி, இருவரும் சந்தித்ததில்லை. பெற்ற மக்களே பகைத்து எழுந்த துயரத்தால் சோழன் அரசு துறந்து, ஆற்றிடையே வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அப்பொழுது, தன் அருகில் ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்குமாறு கூறினான். சுற்றியிருந்த சான்றோர் ஐயுற்றனர். கேட்டறிந்த பழக்கமே அன்றிக் கண்டறிந்த பழக்கம் இல்லை. இடையில் இருப்பதோ நெடுந்தொலைவு. அவராவது வருவதாவது என்று எண்ணினர். சோழன் மட்டும் ஐயுறவில்லை. ஆந்தையார் வந்தார். அவருக்கென வைத்த இடத்தில் அமர்ந்து உயிர் நீத்தார். புறநானூற்றில் இவ்வரலாற்றைச் சொல்லும் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அவ்விருவரை விட்டு, ஐயுற்ற அந்தச் சான்றோரிடமே சென்று நிற்கும். அவர்கள் தீயவர் அல்லர். உலகியல் அறிந்தவர்கள். அவர்களைப் போன்றவர்கள் நம் இல்லங்களிலும் உண்டு. என் இல்லத்தில் இருந்த ஒருவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நட்புக்குக் கூடிப் பழகுதல் இன்றியமையாதது அன்று, உணர்ச்சி ஒத்தலே போதும் என்பது திருவள்ளுவர் கருத்து. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் இவ்விருவர் நட்பையே சான்றாகக் காட்டினார். புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் அச்சில் ஏற்றி நமக்கு அளித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்பதை யாவரும் அறிவோம். அப்பெரியார் இளமையில் தமிழ் தேடி அலைந்தது எங்கள் பக்கத்து ஊர்களிலேதான் என்பதைப் பலர் அறியார். அரியலூரில் சடகோபையங்காரிடமும், பின்னர்க் குன்னத்திலும், பெரம்பலூரை அடுத்த செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்ட பிறகே அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று சேர்ந்தார். அவரும் தொலைவிலிருந்து நட்புக் கொண்டவரே. 1887ஆம் ஆண்டில் அவர் சீவக சிந்தாமணியை வெளியிட்ட பின்னர், பாரிஸ் மாநகரில் தமிழ் கற்பித்து வந்த ஜூலியன் வின்சோன் என்னும் பேராசிரியர் அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். அங்குள்ள நூல்நிலையத்தில் இருக்கும் தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய செய்திகள் அக்கடிதங்கள் வாயிலாக இங்கு வந்தன. கப்பல் கொண்டுவரும் ஒரு தாளை நம்பிக் கண்டம் விட்டுக் கண்டம் அன்பு செலுத்திய காலம் அது.

இக்காலத்தில் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கணினியும் கைப்பேசியும் வந்துவிட்டன. எழுதிய சொல் எழுதிய நொடியிலேயே மறுமுனையைச் சென்று சேர்கிறது. வாகனம் மாறினாலும் நட்பின் வினா மாறவில்லை. காணாத ஒருவரை எவ்வளவு நம்பலாம்? அவர் நம்மை எவ்வளவு நம்பலாம்? இவ்விரண்டனுள் முதல் வினாவைப் பலரும் கேட்கின்றனர். இரண்டாம் வினாவை நான் சற்றுக் காலம் கடந்தே கேட்டுக்கொண்டேன். அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியனாக இருப்பவன். ஊர்ப்பெயர்களைப் பற்றி நான் எழுதிய சிறு கட்டுரை ஒன்று 2013ஆம் ஆண்டில் ஒரு திங்களிதழில் வெளியாயிற்று. அதன் அடியில் என் மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. சில நாட்களில் புனே நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு வங்கியில் எழுத்தர். அவருடைய பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அங்கே குடியேறியவர்கள். மராட்டி மொழியில் பள்ளிப் படிப்பை முடித்த அவர், முப்பது வயதைக் கடந்த பிறகே தமிழ் எழுத்துகளைக் கற்றாராம். கடிதத்தில் பிழைகள் மிகுதி. ஆனால் அவர் கேட்டிருந்த கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. “ஐயா, தாங்கள் கடலடியில் வாழ்கிறீர்கள் என்பது தங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியுமா?” என்று அவர் கேட்டிருந்தார்.

அவர் வேடிக்கையாக எழுதவில்லை. நிலவியலார் கிரெட்டேசியஸ் என்று பெயரிட்டுள்ள தொன்மைக் காலத்தில், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் கடலுக்கு அடியில் இருந்தன. அக்கடலில் வாழ்ந்த நத்தைகளும் சிப்பிகளும், அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர்களும் சேற்றில் புதைந்து கல்லாகிக் கிடக்கின்றன. நாம் அரியலூர் என்றவுடன் சிமெண்டு ஆலைகளை நினைக்கிறோம். அவ்வாலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல்லே அந்தப் பழங்கடல் விட்டுச்சென்ற செல்வந்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு ஆராய்ந்த பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர், பாறை வரிசைகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். அதனால், நம் ஊர்களைக் கனவிலும் கண்டிராத அயல்நாட்டு அறிஞர்களும் அப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கின்றனர்.

புனே நண்பருக்கு இதில் ஏன் இத்துணை ஆர்வம் என்று கேட்டேன். அவர் எழுதிய விடை அழகானது. அவர் வாழும் நகரம் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையின்மேல் நிற்கிறது. தக்காணப் பீடபூமியில் பரந்து கிடக்கும் அப்பாறை, ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நெருப்பாக வழிந்தது. அரியலூர்க் கடலின் இறுதிக் காலமும் ஏறக்குறைய அதுவே. “எங்கள் ஊரில் நெருப்பு ஓடிய காலத்தில் தங்கள் ஊரில் அலை வீசியது. ஆகையால் நாம் இருவரும் ஒரே காலத்தின் இரண்டு கரைகளில் இருக்கிறோம்” என்று அவர் எழுதினார். பிழை மலிந்த தமிழில் இத்தகைய கருத்தைக் கண்ட ஆசிரியனுக்கு எப்படி இருக்கும்! அன்று தொடங்கியது எங்கள் நட்பு.

வாரம் ஒரு கடிதமாவது போகும், வரும். நான் புறப்பாட்டுக்கு உரை எழுதி அனுப்புவேன். அவர் கல்லுக்கு உரை எழுதி அனுப்புவார். தமிழ் அவருக்கு நாளுக்கு நாள் தெளிந்தது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்து வீடுகளெல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது, என் அன்னையார் மறைந்தார். இறுதிக் கடனுக்கு உறவினர் சிலரே வர முடிந்தது. அந்த மாதம் முழுவதும் புனேயிலிருந்து நாள்தோறும் ஒரு கடிதம் வந்தது. ஆறுதல் மொழி எதுவும் அதில் இராது. அன்று படித்தது, அன்று கண்டது, அவ்வளவே. நாள்தோறும் ஒருவர் நம் வாயிலில் வந்து சற்று நேரம் உட்கார்ந்து செல்வது போல இருந்தது அது.

இனி, நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே கல்லாகிய மரம் ஒன்று கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நிலவியல் அறிஞர் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதன் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என இந்திய நிலவியல் ஆய்வுத்துறை குறித்துள்ளது. எங்கள் நட்பின் இரண்டாம் ஆண்டில் நண்பர், “அந்த மரத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள் அல்லவா? எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. பிறந்த நாள் முதல் அதற்கு ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்ந்தும் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆசிரியன் என்னும் செருக்கு இடம் கொடுக்கவில்லை. பழைய நூல் ஒன்றை எடுத்தேன். நீளம், நிறம், கிடக்கும் நிலம் எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்து, நேரில் கண்டதுபோல் எழுதினேன். எழுத்துக்கு உயிரூட்ட வேண்டி, மாடு மேய்க்கும் சிறுவர் இருவர் மரத்தின்மேல் அமர்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தனர் என்றும் சேர்த்தேன். நண்பர் மகிழ்ந்து நன்றி எழுதினார். பிறகு காரை என்னும் ஊரின் செம்மண் ஓடைகளைப் பற்றிக் கேட்டார். அதையும் அவ்வாறே எழுதினேன். முதற்பொய் இரண்டாம் பொய்யை அழைத்து வருவது உலக வழக்கு.

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நேரில் வருவதாக அவர் எழுதியபோது என் நெஞ்சில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. “தாங்கள் கண்ட இடங்களைத் தங்களோடு காண வருகிறேன்” என்று எழுதியிருந்தார்.

அச்சம் எனக்கு மட்டும் அன்று. புறநானூற்றுச் சான்றோரைப் போன்றவர் என் இல்லத்திலும் உண்டு என்றேன் அல்லவா? அவர் என் மனைவியார். “பத்து ஆண்டு எழுதினார் என்பது சரி. முகமறியாதவரை நேரே வீட்டுக்கு அழைத்து வருவதா? முதலில் நாலு பேர் நடமாடும் இடத்தில் பாருங்கள், நானும் வருகிறேன்” என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. நாள்தோறும் நாளிதழ்களில் நாம் படிப்பவை அத்தகையவை. காணாத நண்பர் என்று நம்பிப் பொருள் இழந்தவர் உளர்; மானம் இழந்தவர் உளர். பொய்ப் பெயரும் பொய் முகமும் பூண்டு பழகுவது இக்காலத்தில் எளிது. ஆதலின் இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுதான். முதற்சந்திப்பு பலர் கூடும் பொது இடத்தில் நிகழட்டும். வீட்டாருக்குத் தெரிந்தே நிகழட்டும். காணாத நட்பின் நடுவே பணப்பேச்சு நுழையுமானால் அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள். ஐயம் கொள்வது நட்புக்குப் பகை அன்று. உண்மையான நண்பர் அதனால் வருந்தவும் மாட்டார்.

பெரம்பலூருக்கு இரயில் இல்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரியலூருக்கே செல்ல வேண்டும். மே மாதத்துக் கத்திரி வெயிலில் நானும் மனைவியாரும் அரியலூர் நிலையத்தில் காத்திருந்தோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த கொடிய விபத்தால் நாடறிந்த பெயர் அரியலூர். அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியைத் துறந்தார். தம் கையால் நேராத பிழைக்கும் பொறுப்பேற்ற ஒருவரின் நினைவு அந்த நடைமேடையில் எனக்கு வந்தது. கையறிந்து செய்த பிழையை மறைத்துக்கொண்டு அல்லவா நான் நின்றிருந்தேன்!

நான் நண்பரை உயரமானவராகக் கற்பனை செய்திருந்தேன். வண்டி வந்து நின்றது. இறங்கியவர்களின் தலைகளுக்கு மேலே என் கண்கள் தேடிக்கொண்டிருந்தன. “ஐயா” என்று ஒரு குரல் கீழிருந்து கேட்டது. என் தோளுக்குக் கீழே நின்ற ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய புறநானூற்றுப் பதிப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவே எங்கள் அடையாளம். கடிதத்தில் ஆயிரம் பக்கம் பேசிய இருவரும் அங்கே பேச்சற்று நின்றோம். “வெயில் அதிகம்” என்றேன். “ஆம், அதிகம்” என்றார். எங்களைக் காப்பாற்றியவர் ஐயுற்று வந்த என் மனைவியாரே. “தம்பி, காலையில் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டு, கொண்டுவந்திருந்த மோரை எடுத்து நீட்டினார். தம்பி என்று அவர் அழைத்த பிறகே, எழுத்தின் கனத்தால் என்னினும் மூத்தவராக நான் எண்ணியிருந்த நண்பர் என்னினும் பல ஆண்டு இளையவர் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் விடியலில் ஆட்டோ ஒன்றை அமர்த்திக்கொண்டு நானும் நண்பரும் சாத்தனூருக்குப் புறப்பட்டோம். திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, கிழக்கே பிரியும் கிளைச்சாலையில் திரும்பினோம். சற்றுத் தொலைவில் ஒரு கவடு வந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, “எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இடமா வலமா என்று ஊகித்துச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கணத்தில் அதுவும் தோன்றியது. ஆனால் பத்து ஆண்டுப் பொய்யை இன்னும் ஒரு கல் தொலைவு இழுத்துச் செல்ல மனம் மறுத்துவிட்டது. “தம்பி, நான் இங்கு வந்ததே இல்லை. எழுதியதெல்லாம் நூலைப் பார்த்து எழுதியது” என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும் துணிவின்றிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும் அண்ணா” என்றார் அவர். முதன்முறையாக ஐயா என்னும் சொல் அண்ணா என்று மாறியிருந்தது. “அந்த மரத்தைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். படத்தில் பார்த்திருக்கிறேன். மாடு மேய்க்கும் பையன்கள் அதன்மேல் உட்கார முடியாது. நாலைந்து ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்டேன்” என்றார்.

“தெரிந்துமா எழுதிக்கொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். “கோபம் வந்தது. இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேனே, நினைவிருக்கிறதா? உடல்நலமில்லை என்று பிறகு எழுதினேன். அது பொய். அந்த இரண்டு வாரத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். தாங்கள் அனுப்பிய உரைகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, அருமை என்று எழுதிக்கொண்டிருந்தேன். தாங்கள் என்னைத் தாழ்வாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான். தாங்களும் அதற்காகத்தானே எழுதியிருப்பீர்கள்!” என்றார்.

ஓட்டுநர் எங்கள் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே இறங்கி, ஆடு ஓட்டிச் சென்ற ஒரு மூதாட்டியிடம் வழி கேட்டு வந்தார்.

மரத்தை இருவரும் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். நான் எழுதியிருந்த கம்பீரம் அதில் இல்லை. வேலிக்குள்ளே, துண்டு துண்டாகப் பிளவுபட்டு, யானை படுத்துக் கிடப்பதுபோல் அமைதியாகக் கிடந்தது. ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த மரம் அது. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த கற்சத்து, மரத்தின் நார் இருந்த இடந்தோறும் சிறிது சிறிதாகக் குடிபுகுந்தது. மரம் போயிற்று, மரத்தின் வடிவம் கல்லில் நின்றது. நண்பர் இதனை விளக்கிக்கொண்டே வந்தார். பத்து ஆண்டு அவர் எழுதியவை எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கின. மாலையில் காரைக்குச் சென்றோம். மழை அரித்த செம்மண் மடிப்புகளிடையே, விரல்போல் நீண்ட சிறு கல் ஒன்றைச் சுட்டி, கணவாய் மீனுக்கு உறவான பழைய கடலுயிரின் உள்ளெலும்பு என்றார். குனிந்து பார்த்துவிட்டு, எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவந்தோம். மனிதர் பையில் போட்டுக்கொண்டு போவதால் குறைந்துவரும் செல்வம் அது.

அன்றிரவு வீட்டு முற்றத்தில் அமர்ந்து, விளங்காத பாட்டுகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் எடுத்தது ஆந்தையாரின் பாட்டு. ஆண்டு பல சென்றும் நரை தோன்றாதது ஏன் என்று கேட்டவர்க்கு அப்புலவர் சொன்ன விடை அது. மாண்புடைய மனைவியும், அறிவு நிரம்பிய மக்களும், கருத்தறிந்து நடக்கும் ஏவலரும், தீங்கு செய்யாத மன்னனும், ஊரில் அடங்கிய சான்றோரும் வாய்த்தமையே காரணம் என்றார் அவர். “இதில் காணாத நண்பரைப் பற்றி ஒன்றும் இல்லையே அண்ணா?” என்று நண்பர் கேட்டார். நெடுநாள் அப்பாட்டைக் கற்பித்தும் இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. விடையும் உடனே தோன்றவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சொல்வதற்கு அது எவ்வளவு எளிய சொல் என்பதையும் அன்று கண்டேன்.

அன்பர்களே, காணாத நட்பில் நாம் நம்மை நாமே எழுதிக் காட்டுகிறோம். எழுதும்போது சற்று அழகாக எழுதிக்கொள்ள ஆசை பிறக்கிறது. அழகு செய்யும் ஒவ்வொரு சொல்லும் நண்பர் நம் வாயிலுக்கு வரும் நாளில் நாம் நாணும்படி செய்துவிடும். சோழன் ஆந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைத்தான் என்றால், ஆந்தையார் தம்மைப் பற்றி அவனுக்குக் கூடுதலாக எதுவும் காட்டவில்லை என்பதே அதன் பொருள் என்று இப்பொழுது எண்ணுகிறேன்.

நண்பர் ஐந்து நாள் தங்கிப் புனேக்குத் திரும்பினார். இன்றும் வாரந்தோறும் கடிதம் வருகிறது. அவர் ஏதேனும் ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டால், கண்டது, கேட்டது, படித்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன். கண்டது என்னும் தலைப்பின் கீழ் எழுத ஒன்றும் இல்லாத வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே பேருந்து ஏறிவிடுகிறேன்.